புதுக் கெப்பில் ட்ரெயிலர் கொழுவும் முன் விளக்கு வயர்களைப் பாருங்கள்

முல்லைத்தீவுக் கரையில் இருந்து படகுகளை ஏற்றித் திருத்தும் இடத்துக்குக் கொண்டுபோய், திரும்பவும் கரையில் இறக்கிவிடும் வேலைக்காகப் பின்னால் திறந்த சாமான் தட்டுள்ள புதிய டபுள் கெப் ஒன்று வாங்கினேன். வாங்கும் முன் விசாரிக்காத விடயம் இல்லை. எவ்வளவு எடை இழுக்கும், லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், லீசிங் கட்டணத்தில் ஒரு மாதம் பிந்தினால் என்ன தண்டம் என்று எல்லாவற்றையும் கேட்டேன். பின்னால் கொழுவும் ட்ரெயிலரின் விளக்குகள் எப்படி எரியும் என்பதைப் பற்றி விற்றவர் வாய் திறக்கவில்லை. அதே வகை வாகனத்தை எனக்கு முன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் சொல்லவில்லை. அந்த ஒரு விடயத்துக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் போய்விட்டது. ஒரு மாதத்தின் பெரும்பகுதி ஹயர், அதாவது வாடகை ஓட்டம், இல்லாமல் வாகனம் முற்றத்தில் நின்றது. இப்போது வன்னியில் புதிய கெப் வாங்குகிறவர்கள் படகோ, தண்ணீர்த் தாங்கியோ, ஜெனரேட்டரோ ஏதாவது ஒன்றைப் பின்னால் கட்டி இழுக்கத்தான் போகிறார்கள். அவர்கள் கையில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இங்கே எல்லோரும் பழைய வாகனங்களையே ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். 2025 தொடக்கத்தில் கதவு திறந்தபோது சேர்த்துவைத்த ஆசை எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. என் பழைய கெப் தொண்ணூறுகளில் செய்தது. அதில் பிரேக்கை மிதித்தால் ஒரு சுவிட்ச், சுவிட்சில் இருந்து ஒரு வயர், வயரின் முடிவில் ஒரு மின்குமிழ். அந்த வயரின் தோலைச் சீவி இன்னொரு வயரை முறுக்கி டேப் சுற்றினால் ட்ரெயிலரிலும் விளக்கு எரியும். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கும் வயரிங்காரர் எல்லோரும் தொழில் பழகியது அப்படிப்பட்ட வாகனங்களில்தான். கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் பழகிய வாகனம் வேறு, இப்போது இறங்கியிருக்கும் வாகனம் வேறு.

வாகனத்தைக் கையளித்தபோது பின்னால் ட்ரெயிலரை மாட்டும் கொழுவி பூட்டியிருந்தது. பளபளவென்று ஐம்பது மில்லிமீற்றர் உருண்டை, அதன் பக்கத்தில் ட்ரெயிலரின் விளக்குப் பிளக்கைச் செருகும் சொக்கெட்டைப் பூட்டுவதற்கென்று வட்டத் துளை போட்ட ஒரு தகடு. தகட்டில் சொக்கெட் இல்லை, துளை வழியாகப் பார்த்தால் மறுபக்கத்து மண் தெரிந்தது. கேட்டேன். “அது சின்ன வேலை அண்ணை, எந்த வயரிங்காரரும் அரை மணித்தியாலத்தில் செய்து தருவார்” என்றார் விற்பனைப் பகுதித் தம்பி. அந்த வாகன வகைக்கென்றே தொழிற்சாலையில் செய்த ட்ரெயிலர் வயர்த் தொகுதியும், ட்ரெயிலர் விளக்குகளை இயக்கும் மாட்யூல் என்ற சிறு மின்னணுப் பெட்டியும் இருக்கின்றன, முற்பதிவு செய்யும்போதே கேட்டால் பூட்டித் தருவார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. இதை முதலில் சொல்லிவைக்கிறேன்: கையெழுத்துப் போடும் முன் “கொழுவி இருக்கிறதா” என்று கேட்டால் போதாது, “ட்ரெயிலர் வயர்த் தொகுதியும் அதற்கான மாட்யூலும் சேர்ந்து வருகிறதா, யார் பூட்டினால் உத்தரவாதம் நிற்கும்” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது சேவை நிலையத்தின் வாசலைத் தாண்டாது.

எங்கள் பகுதியில் நல்ல பெயர் எடுத்த ஒரு வயரிங்காரரிடம் கொண்டுபோனேன். அறுபது வயதைத் தாண்டியவர். வாகனத்துக்குக் கீழே படுத்து, சோதனை விளக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “தம்பி, இடது சிக்னல் போடு, பிரேக்கை மிதி” என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வயராகக் கண்டுபிடித்தார். பிறகு நீலநிறக் கிளிப்புகளை எடுத்தார். பழைய வயரையும் புதிய வயரையும் கிளிப்பின் இரண்டு பள்ளங்களில் வைத்துக் குறட்டால் அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் சிறிய தகடு இரண்டு வயர்களின் தோலையும் கிழித்து இரண்டு செம்பையும் இணைத்துவிடும். டக், டக் என்று வேலை முடிந்தது. ட்ரெயிலரைக் கொழுவினோம், எல்லா விளக்கும் எரிந்தன. கூலி 6,000 ரூபா. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதல் ஹயர் ஒரு கண்ணாடியிழைப் படகு, இயந்திரத்தோடு. யாழ்ப்பாணத்தில் அடிப்பாகம் திருத்தக் கொடுக்க வேண்டும். படகுக்காரர் வலை கழற்றி, சாமான் இறக்கித் தர நேரம் போய்விட்டது. வட்டுவாகல் பாலத்தைத் தாண்டும்போது சூரியன் இறங்கிவிட்டது. அங்கிருந்து பரந்தன் வரை ஏ35 வீதி. புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு என்று ஊர்கள் இருந்தாலும் ஊருக்கும் ஊருக்கும் இடையில் நல்ல இருட்டு. அந்த நேரத்தில் மாடுகள் வீதியில் வந்து படுக்கும். விசுவமடுவைத் தாண்டியதும் இடது சிக்னல் வழமையை விட வேகமாக அடிக்கத் தொடங்கியது. முன்தட்டில் விளக்குப் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கை ஒன்று வந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் மாட்டுக் கூட்டம் ஒன்று குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். பின்னால் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று ஹோர்ன் அடித்தபடியே என் பக்கக் கண்ணாடியை உரசுவது போல வலப்பக்கமாக வெட்டிப் போனது. எனக்கு ஏன் என்றே விளங்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து, “அண்ணை, பின்னால் ஒரு வெளிச்சமும் இல்லை, படகு மட்டும் இருட்டில் மிதந்து வருகிறது” என்றார்.

இறங்கிப் பார்த்தேன். ட்ரெயிலரில் மட்டும் அல்ல, கெப்பின் சொந்தப் பின்விளக்குகளும் அணைந்திருந்தன. பிரேக் விளக்கு இல்லை, இடது சிக்னல் இல்லை. பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு பியூஸும் எரியவில்லை. அந்த நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பியூஸ் எரிந்திருந்தால் மாற்றலாம். எரியாமல் விளக்கு போனால் என்ன செய்வது? அந்த மோட்டார் சைக்கிள்காரர் தன் பின்விளக்கோடு எனக்குப் பின்னாலேயே தருமபுரம் வரை மெதுவாக வந்தார். பெயர் கேட்கவும் மறந்துவிட்டேன். அங்கே ஒரு கடைக்காரர் முற்றத்தில் விடச் சம்மதித்தார். படகில் பூட்டிய இயந்திரம் என்னுடையது இல்லை, களவு போனால் என் தலையில்தான் விடியும் என்பதால், விடியும் வரை கெப்பிலேயே இருந்து நுளம்புக்கடி வாங்கினேன். காலையில் படகுக்காரர் வேறு வாகனம் பிடித்தார். அந்த ஹயர் போனதோடு, அவர் தன் சொந்தக்காரருக்குச் சொல்லிவைத்திருந்த அடுத்த ஹயரும் போனது.

விற்ற நிறுவனத்தின் சேவை நிலையம் வன்னிக்கு வெளியே இருக்கிறது. பகலில் ஓட்டிக்கொண்டு போனேன். கணினியைச் செருகிப் பார்த்து 7,500 ரூபா வாங்கினார்கள். நீலக் கிளிப்புகளைக் கண்டதும் அவர்களின் முகம் மாறிவிட்டது. “வயர்த் தொகுதியில் கை வைத்திருக்கிறீர்கள், இந்தப் பகுதிக்கு உத்தரவாதம் இல்லை.” பின்பக்க வயர்த் தொகுதியை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள்: 68,000 ரூபா, கூலி 15,000. கிளிப்பைக் கழற்றி, கிழிந்த நான்கு இடத்தை ஒட்டித் தந்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். அப்படிச் செய்தால் மீதி வாகனத்தின் மின்பகுதிக்கும் உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். லீசிங் முடியாத புது வாகனத்தில் அந்த வாதத்தை வெல்ல எனக்கு வழி இருக்கவில்லை. பாகம் கொழும்பில் இருந்து வரும் வரை வாகனம் அங்கேயே நின்றது. கோபம் வந்தது, அந்த வயரிங்காரர் மீது வரவில்லை. ‘எந்த வயரிங்காரரும் செய்வார்’ என்று சொல்லி அனுப்பிய கூட்டமே, செய்த பிறகு ‘ஏன் செய்தீர்கள்’ என்று கேட்டதுதான் நெஞ்சில் குத்தியது.

அங்கே வேலை செய்த ஒரு இளைஞர் மதிய இடைவேளையில் என்னைப் பக்கத்தில் வைத்து விளக்கினார். அந்தப் பத்து நிமிடப் பேச்சுத்தான் நான் கொடுத்த காசுக்கெல்லாம் கிடைத்த உருப்படியான ஒன்று. புதிய வாகனத்தில் பிரேக்கை மிதித்தால் அந்தச் செய்தி முதலில் ஒரு கணினிப் பெட்டிக்குப் போகிறது. எந்த விளக்குக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று பார்த்து அனுப்புவது அந்தப் பெட்டிதான். ஒரு 21 வாட் குமிழ் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 அம்பியர் எடுக்கும். அந்த வயரில் ட்ரெயிலரின் குமிழையும் சேர்த்தால் அது இரட்டிப்பாகிறது. இரணைமடுக் குளத்தில் இருந்து ஒரு வயலுக்கு அளந்துவிட்ட வாய்க்காலில், பக்கத்து வயல்காரர் வரம்பை வெட்டித் தண்ணீர் எடுப்பது போன்றது இது. மேலே இருப்பவர் அளவு பிழைக்கிறது என்று கண்டதும் துருசுக் கதவை இறக்கிவிடுவார், இரண்டு வயலும் காயும். கணினியும் அதைத்தான் செய்தது. பியூஸ் எரியும் முன்பே தன் வாயிலைப் பூட்டிக்கொண்டது. சிக்னல் வேகமாக அடித்ததும் அதன் முறைப்பாடுதான். கிளிப்பில் கிழிந்த செம்பில் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து இணைப்பைக் கெடுத்தது மீதியைச் செய்தது.

ஆகவே விதி ஒன்றுதான்: வாகனத்தின் விளக்கு வயரில் இருந்து செய்தியை மட்டும் எடுங்கள், ட்ரெயிலர் விளக்குகளுக்கான மின்சாரத்தைப் பற்றரியில் இருந்து தனியாக எடுங்கள். இதைக் கேட்டதும் ‘அப்படியானால் ரிலே போட்டால் முடிந்தது’ என்று நினைத்து சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகளான ரிலேக்களை 4,800 ரூபாவுக்கு வாங்கினேன். புதிய வயர்த் தொகுதியை வெட்ட மனம் வரவில்லை, முதலில் பின்விளக்கின் இணைப்பியில் ஒரு ரிலேயைத் தற்காலிகமாகக் கொடுத்துப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தபோது டக் என்று ஒழுங்காக இழுத்தது. பின்விளக்கை மட்டும் போட்டபோது ரிலே கையில் இருந்தபடியே கிர்ர் என்று அதிர்ந்தது, சற்று நேரத்தில் சூடாகிவிட்டது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் வரவில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் தள்ளாடியது. காரணம், இந்தக் கெப்பில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே எல்.ஈ.டி.தான். மங்கலாக எரிய வேண்டும் என்றால் கணினி அதே 12 வோல்ட்டை வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் விட்டு விட்டுக் கொடுக்கிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். ரிலேக்குப் பைத்தியம் பிடிக்கும். உங்கள் வாகனத்தில் பின்விளக்கும் பிரேக்கும் ஒரே இடத்தில் மங்கலாகவும் பிரகாசமாகவும் எரிகிறது என்றால் சாதாரண ரிலே வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். பழைய முறைச் சோதனை விளக்கையும் இந்த வயர்களில் வைக்காதீர்கள். அதன் குமிழே கணினிக்கு ஒரு சுமை. மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டியது ட்ரெயிலர் மாட்யூல். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கத்தில் வாகன விளக்குகளின் செய்தியை மிகச் சிறிய மின்னோட்டத்தில் ‘கேட்கிறது’. மறுபக்கத்தில் பற்றரி மின்சாரத்தைத் ட்ரெயிலருக்கு அனுப்புகிறது. விட்டு விட்டு வரும் மின்சாரத்தையும் விளங்கிக்கொள்ளும் வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடி 24,000 ரூபாவுக்கு ஒன்று கிடைத்தது. அதைப் பூட்ட, முதல் வேலை செய்த அதே ஐயாவிடம்தான் போனேன். இம்முறை மாட்யூலோடு வந்த துண்டுப் பிரசுரத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவருமாகச் செய்தோம். அவர் கை சுத்தமான கை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் அவரைப் போல வேலை செய்ய ஆள் இல்லை.

வேலை தொடங்கும் முன் சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைப் பூட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டோம். உள்ளே இருக்கும் கணினிகள் உறங்கிய பிறகுதான் பற்றரியின் மறை முனையைக் கழற்ற வேண்டும். மறை முனையில் சிறிய பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பற்றரிக்குள் போவதையும் வருவதையும் அளப்பது அது. ட்ரெயிலரில் இருந்து மின்சாரம் திரும்பிவரும் ஏர்த் வயரைக் கொண்டுபோய் நேராக அந்த முனையில் கட்டிவிட்டால் அந்த மின்னோட்டம் அதன் கணக்கில் வராது. ஏர்த்தை வாகனத்தின் சட்டத்தில், பெயின்ட் சுரண்டிய இடத்தில், போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். நேர் முனையில் இருந்து வரும் வயரில், பற்றரிக்குப் பக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ். பின்னால், சொக்கெட்டுக்குக் கிட்ட பியூஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; வழியில் வயர் எங்காவது உரசிச் சட்டத்தில் பட்டால் அந்தப் பியூஸால் ஒரு பயனும் இல்லை, வாகனம் பற்றிக்கொள்ளும். கணக்கும் போட்டுப் பார்த்தோம்: இரண்டு பிரேக், அவசர விளக்குப் போட்டால் இரண்டு சிக்னல், பின்விளக்குகள், இலக்கத்தகட்டு விளக்கு எல்லாம் ஒன்றாக எரிந்தால் எட்டு அம்பியரைச் சற்றுத் தாண்டும். வயரின் தடிப்பில் கஞ்சத்தனம் கூடாது. பற்றரியில் இருந்து பின்பக்கம் வரை ஆறு மீற்றர் போகிறது. ஒரு சதுர மில்லிமீற்றர் வயரில் எட்டு அம்பியர் போனால், போகும் வழியிலேயே 0.8 வோல்ட் தொலைந்துவிடும், திரும்பும் வழி வேறு. 2.5 சதுர மில்லிமீற்றர் போட்டோம். இழப்பு ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்தது.

வயர்களை இணைக்கும் இடங்களில் ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசை உருகும் குழாயைப் போட்டோம். முழு நீளத்துக்கும் நெளிகுழாய். புகைபோக்கியில் இருந்து விலக்கி, வாகனத்தின் சொந்த வயர் போகும் பாதையிலேயே கட்டினோம். கிரவல் வீதியில் கல் அடிக்கும் இடம் எது என்று கீழே படுத்துப் பார்த்தாலே தெரியும், செம்மண் அங்கே பூச்சுப் போல ஒட்டியிருக்கும். அந்த இடங்களைத் தவிர்த்தோம். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில் வாகனம் விடுகிறவர்களுக்கு எலி இன்னொரு தலைவலி. நெளிகுழாய் அதற்கும் ஓரளவு காவல். பற்றரியைத் திரும்பக் கொழுவிய பிறகு கதவுக் கண்ணாடிகள் தானாக மேலே ஏற மறுத்தன. பயந்துவிட வேண்டாம், ஒரு தடவை முழுதாக ஏற்றி, சுவிட்சைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் நினைவு திரும்பிவிடுகிறது.

கெப் சரியான பிறகு ட்ரெயிலர் தன் குணத்தைக் காட்டியது. அது இங்கே ஒட்டுப்பட்டறையில் செய்தது. யார் யாரோ தங்கள் மனம்போன நிறத்தில் வயர் போட்டிருந்தார்கள். வட்டமான ஏழு முனைச் சொக்கெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 1724 என்ற ஒழுங்கு இருக்கிறது. ஒன்றாம் முனை மஞ்சள், இடது சிக்னல். இரண்டாவது நீலம், பனிமூட்ட விளக்கு. இங்கே அதன் தேவை இல்லாததால் பலர் ரிவர்ஸ் விளக்குக்கு எடுக்கிறார்கள். மூன்று வெள்ளை, ஏர்த். நான்கு பச்சை, வலது சிக்னல். ஐந்து மண்ணிறம், வலது பின்விளக்கு. ஆறு சிவப்பு, பிரேக். ஏழு கறுப்பு, இடது பின்விளக்கு. இந்த ஒழுங்கில் போட்டுவிட்டால் நாளைக்கு இன்னொருவரின் ட்ரெயிலரை நீங்களும், உங்களுடையதை இன்னொருவரும் இழுக்கலாம். ட்ரெயிலரில் பழையதை அப்படியே விட்டுச் சொக்கெட்டில் மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்று பார்க்க வேண்டாம், முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் மலிவு.

இதற்குள் கனடாவில் இருக்கும் மச்சான், நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு, தண்ணீருக்குள் தாழ்ந்தாலும் கெடாத எல்.ஈ.டி. விளக்குத் தொகுதி ஒன்றை ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்து அனுப்பினார். நல்ல சாமான். பிரித்துப் பார்த்தால் நான்கே வயர். வெள்ளை ஏர்த், மண்ணிறம் பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்கென்று வயரே இல்லை. அந்த நாடுகளில் சிவப்பு விளக்கே பிரேக்குக்கும் எரியும், அதே விளக்கே சிக்னலுக்கும் மின்னும். நம் வாகனங்களில் இரண்டும் வேறு வேறு. மச்சானிடம் சொன்னால் மனம் நோவார், பெட்டியில் வைக்கவும் மனம் இல்லை. ஐயா ஒரு வழி சொன்னார்: மஞ்சளையும் பச்சையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரேக் முனையில் கொடுத்துவிட்டு, சிக்னலுக்கு இங்கேயே மஞ்சள் விளக்கு இரண்டு தனியாக வாங்கிப் பூட்டலாம். அப்படியே செய்தோம், அருமையாக வேலை செய்கிறது. வெளிநாட்டுச் சொந்தங்கள் விளக்கு அனுப்பப் போகிறார்கள் என்றால், பிரேக்கும் சிக்னலும் வேறு வேறாக இருக்கும் தொகுதியை அனுப்பச் சொல்லுங்கள்.

ஏர்த்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ட்ரெயிலர் விளக்குத் தொல்லைகளில் நான் கண்ட பெரும்பாலானவை அங்கேதான் போய் முடிகின்றன. இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு இருக்கிறதே, உருண்டை வழியாகவே ஏர்த் போகட்டும் என்று வெள்ளை வயரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உருண்டையில் கிரீஸ் இருக்கும், துரு இருக்கும், குண்டும் குழியுமான வீதியில் அது எழும்பி விழும். சிக்னல் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து மின்னினால், பிரேக்கை மிதிக்கும்போது சிக்னல் மங்கலாக எரிந்தால், வேறு எதையும் தேட வேண்டாம், ஏர்த்தைப் பாருங்கள். ஒவ்வொரு விளக்கில் இருந்தும் வெள்ளை வயரைச் சொக்கெட்டின் மூன்றாம் முனை வரை நேரே கொண்டுவாருங்கள்.

கடலில் இறக்கும் ட்ரெயிலருக்கு இன்னொரு சட்டம் உண்டு: ட்ரெயிலரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி இறக்கும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். எரிந்து சூடான கண்ணாடிக் குமிழ் தண்ணீரில் பட்டால் வெடிக்கும், எல்.ஈ.டி. வெடிக்காது, ஆனால் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது உப்புத் தண்ணீர் பட்டால் முனைகள் பச்சை பிடித்து அரித்துப் போகும். நாங்கள் விளக்குகளை ட்ரெயிலரில் நிரந்தரமாகப் பூட்டவில்லை. ஒரு பலகையில் எல்லா விளக்கையும் இலக்கத் தகட்டையும் பூட்டி, படகின் பின்பக்கத்தில் கட்டிவிடுகிறோம். படகு ட்ரெயிலரைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்பதால் விளக்கு அங்கே இருப்பதுதான் மற்றவருக்கும் தெரியும். கரைக்கு வந்ததும் பலகையைக் கழற்றிக் கெப்பில் போட்டுவிடலாம். சொக்கெட்டின் முனைகளில் வஸ்லீன் மெல்லியதாகப் பூசுவதும், வேலை முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரால் ட்ரெயிலரைக் கழுவுவதும் பழக்கமாகிவிட்டது.

சில்லறை விடயங்கள் சில. மாட்யூல் போட்டால் ட்ரெயிலரில் ஒரு குமிழ் போனதைக் கெப்பின் முன்தட்டு சொல்லாமல் போகலாம். புறப்படும் முன் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின் சென்சர் ட்ரெயிலரைச் சுவர் என்று நினைத்துக் கத்தும். அதை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று முதலிலேயே பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே மறந்துவிடும். படகில் இருக்கும் ஜி.பி.எஸ். பற்றரியைப் போகும் வழியில் சார்ஜ் செய்து தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். புதிய வாகனங்களில் பற்றரிக்கு மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் தேவைக்கு ஏற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பதால், நேரடியாக ஒரு வயர் இழுத்தால் அந்தப் பற்றரி முழுதாக நிறையாது. அதற்கென்று தனிச் சார்ஜர் வேண்டும். நான் மறுத்துவிடுகிறேன். ட்ரெயிலரையும் பதிய வேண்டும், சாரதி அனுமதிப்பத்திரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்ற எல்லையும் இருக்கிறது. ஏ9 வீதியில் பொலிஸார் மறித்த பிறகு அதைப் படிப்பதை விட வீட்டில் இருந்து படிப்பது நல்லது.

காசுக் கணக்கு இதுதான். வீணாய்ப் போனது: முதல் வயரிங் 6,000, கணினிச் சோதனை 7,500, வயர்த் தொகுதி 68,000, கூலி 15,000, ரிலே 4,800. மொத்தம் 101,300 ரூபா. ஓடாமல் போன ஹயர்களையும், ஓடாத வாகனத்துக்குக் கட்டிய லீசிங்கையும் நான் இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் நித்திரை வராது. உருப்படியான வேலைக்குப் போனது: மாட்யூல் 24,000, வயர், சொக்கெட், குழாய், பியூஸ் எல்லாம் 9,000, கூலி 12,000. ஆக 45,000.

அந்தக் கூலியைப் பார்த்து யோசிப்பீர்கள், முதல் தடவை 6,000 வாங்கியவர் ஏன் 12,000 வாங்கினார் என்று. நானும் கேட்டேன். “முதல் தடவை அரை மணித்தியாலம், இது ஒரு முழு நாள்” என்றார். நியாயம்தான். இப்போது அவரிடம் புதிய கெப்பைக் கொண்டுபோனால் முதலில் ஒரு துண்டில் மாட்யூலின் பெயரை எழுதிக் கொடுத்து, “இதை வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு படுக்கிறேன்” என்கிறார். நீலக் கிளிப்புகள் இருந்த டப்பாவை உழவு இயந்திரங்கள் இழுக்கும் பெட்டிகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்.